நாற்பது மணித்தியாலங்கள்



விளையாட்டு இடம் ஒன்றைத் திருத்திய கதையைப் பெண்கள் சஞ்சிகையில் எழுத இவள் யார் என்று நீங்கள் நினைக்கக்கூடும். நான் விளையாட்டுக்காரி இல்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் வயல் செய்த குடும்பம் ஒன்றில் பிறந்தவள். 2009 மாசி மாதத்தில் என் கணவரை எறிகணைக்குப் பறிகொடுத்தேன். அப்போது மகனுக்கு இரண்டு வயது. செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டிலில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம். 2013 இல் கனடாவுக்கு வந்து சேர்ந்தோம். இப்போது ரொறன்ரோ நகரில், பிளெமிங்டன் பார்க் என்ற பகுதியில், தொடர்மாடிக் கட்டடம் ஒன்றில் வசிக்கிறோம். இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்வது என் தொழில்.

இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகள் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற வேண்டுமானால், 40 மணித்தியாலங்கள் சம்பளம் இல்லாமல் பொதுவேலை செய்திருக்க வேண்டும். நம் ஊர்ச் சிரமதானம் போன்றதுதான். நேரத்தை ஒரு படிவத்தில் எழுதி, பெற்றோரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

2023 வசந்த காலத்தில் என் மகன் அப்படி ஒரு படிவத்தை என் முன் நீட்டினான். அவனுக்கு அப்போது 16 வயது. வீட்டில் அவன் கதைப்பது குறைந்து போயிருந்த காலம் அது. “சாப்பிட்டியா?” என்று கேட்பேன். “ஓம்” என்று ஒரு சொல் வரும். பிறகு அறைக் கதவு சாத்தப்படும். தகப்பனைப் பற்றி அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

“எங்கே வேலை?” என்று கேட்டேன்.

“கீழே பார்க்கில். சனிக்கிழமை காலமை.”

“காட்டுக்குள்ளே என்ன வேலை?”

“அம்மா, அது காடு இல்லை. டிஸ்க் கோல்ப் விளையாடுற இடம்.”

எனக்கு விளங்கவில்லை. பிள்ளையைத் தெரியாத ஆட்களுடன் மரங்களுக்குள் அனுப்ப மனமும் வரவில்லை. இரவு வேலை முடிந்து வந்த கண்ணெரிவோடு, நானும் பின்னாலே போனேன்.

இது என்ன விளையாட்டு?

எங்கள் கட்டடங்களுக்குக் கீழே டொன் ஆற்றின் மேற்குக் கிளை ஓடும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே உள்ள பூங்காவின் பெயர் ஈ.ரீ. சீற்றன் பார்க். ஏர்னஸ்ற் தொம்சன் சீற்றன் (1860–1946) விலங்குகளைப் பற்றிக் கதை எழுதிப் புகழ் பெற்றவர். சிறு பிள்ளையாக இங்கிலாந்தில் இருந்து கனடாவுக்கு வந்தவர். தகப்பன் கடுமையானவர் என்பதால், வீட்டை விட இந்தப் பள்ளத்தாக்கின் மரங்களுக்குள்ளேயே அந்தப் பையன் அதிகம் ஆறுதல் தேடினானாம். இதை அறிந்தபோது எனக்கு என் மகன்தான் நினைவுக்கு வந்தான்.

அந்தப் பூங்காவில்தான் டிஸ்க் கோல்ப் விளையாடும் 18 இலக்குகள் உள்ளன. கோல்ப் விளையாட்டில் பந்தைத் தடியால் அடிப்பார்கள். இதில் பந்தும் இல்லை, தடியும் இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவான, சுமார் 170 கிராம் எடையுள்ள பிளாஸ்ரிக் தட்டைக் கையால் எறிய வேண்டும். தூரத்தில் ஓர் இரும்புக் கம்பம் நிற்கும். அதன் மேல்பாதியில் சங்கிலிகள் தொங்கும். அவற்றின் கீழே ஒரு கூடை. தட்டு சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழ வேண்டும். விழும் வரைக்கும், தட்டுக் கிடக்கும் இடத்தில் நின்று திரும்பத் திரும்ப எறியலாம். குறைந்த எறிகளில் முடிப்பவர் வெற்றியாளர். கட்டணம் இல்லை. ஒரு தட்டு இருந்தால் போதும். கிழவரும் விளையாடுகிறார்கள், பிள்ளைகளும் விளையாடுகிறார்கள்.

இந்த விளையாட்டுக்கென நிரந்தரமான முதல் இடம் 1975 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஓக் குறோவ் பூங்காவில் அமைந்தது. அமைத்தவர் எட் ஹெட்றிக். முதலில் வெறும் கம்பங்களே இலக்குகளாக இருந்தன. தட்டு பட்டதா இல்லையா என்று சண்டை வராமல் இருக்க, பிறகு அவரே சங்கிலிக் கூடையை உருவாக்கினார். ஆனால் கனடாவுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1926 இல் சஸ்கச்சுவான் மாகாணத்தில், பிளாட்வேர்த் என்ற சிற்றூர்ப் பாடசாலைப் பிள்ளைகள், தகர மூடிகளை இலக்கு வைத்து எறிந்து இப்படியே விளையாடினார்களாம். முகாமில் நம் பிள்ளைகள் பால்மா ரின் மூடிகளை எறிந்து விளையாடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கையில் ஒன்றும் இல்லாத பிள்ளைகள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான் விளையாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நிலத்துக்கு வந்த நோய்

முதல் நாள் பதினைந்து பேரளவில் வந்திருந்தார்கள். பொறுப்பாக நின்றவர் ஒரு முதிய பெண்மணி. வெள்ளைத் தலைமுடி, கையில் மண்வெட்டி. நான் வேலைக்கு வந்தவள் என்றே நினைத்து எனக்கும் ஒரு சோடிக் கையுறையைத் தந்தார். எனக்கு ஆங்கிலம் குறைவு. “இல்லை, நான் காவலுக்கு வந்தவள்” என்று எப்படிச் சொல்வது? கையுறையைப் போட்டுக்கொண்டேன்.

அவர் எங்களை ஒரு மேப்பிள் மரத்தடிக்குக் கூட்டிச் சென்று காட்டினார். மரத்தின் வேர்கள் வெளியே கிடந்தன. அதைப் பார்த்ததும், மொழிபெயர்க்காமலே எனக்கு விளங்கியது. ஆட்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நடந்தால் மண் இறுகிவிடும். இறுகிய மண்ணுக்குள் காற்றும் போகாது, தண்ணீரும் போகாது. புல் சாகும். புல் செத்த இடத்தில் மழை விழுந்தால் தண்ணீர் மேலாலே ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகும். பிறகு வேர் தெரியும். வேர் தெரிந்த மரத்தில் கால் பட்டுப் பட்டு, கடைசியில் மரமும் வாடும். விளையாட வந்தவர்கள் வேண்டுமென்று செய்த கேடு இல்லை இது. விரும்பி வந்த கால்களே நிலத்தைத் தேய்த்திருந்தன.

மருந்து எளிமையானது. ஒடித்த கிளைகளை அரைத்த மரச்சீவல் ஓரிடத்தில் குவித்துக் கிடந்தது. அதை ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியில் ஏற்றி, நடக்கும் இடங்களில் நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினோம். மெத்தை போல அது காலின் பாரத்தைத் தாங்கும், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், மெல்ல உக்கி மண்ணாகும். மரத்தின் அடித்தண்டைத் தொட்டுக் குவிக்கக் கூடாது என்று அந்தப் பெண்மணி திரும்பத் திரும்பச் சொன்னார். ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் பட்டை அழுகிவிடும். நம் தென்னைக்கு உரிமட்டை தாக்கும்போதும் இந்தக் கவனம் நமக்கு உண்டுதானே?

கடகம் ஒன்று இருந்திருந்தால் இன்னும் விரைவாக அள்ளியிருப்பேன். ஆனாலும் பன்னிரண்டு மணிக்குள் நாங்கள் இருவரும் இருபது வண்டி தள்ளிவிட்டோம். மகன் என்னை ஒரு தினுசாகப் பார்த்தான். என் அம்மா மண்வெட்டி பிடிப்பாள் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

தண்ணீருக்கு வழி விடு

மூன்றாவது சனிக்கிழமை மழை. வந்தவர்கள் சிலர்தான். சரிவில் இருந்த ஓர் எறிதளத்தைத் திருத்த வேண்டியிருந்தது. எறிதளம் என்பது நின்று எறிவதற்கான நீள்சதுரத் தரை. அதைச் சுற்றி மண் அரித்து, கால் வைக்கும் இடம் பள்ளமாகிக் கிடந்தது. மண் கொண்டு வந்து நிரப்புவதும், மழை அதைக் கொண்டு போவதும் அங்கே வழக்கமாம்.

நான் சற்று மேலே ஏறி மழைக்குள் நின்று பார்த்தேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே சேருகிறது, எங்கே வேகம் எடுக்கிறது என்று பார்த்தேன். என் அப்பு கற்றுத் தந்தது அது. “வயலுக்கை நிண்டு வரம்பைப் பாக்காதை, பிள்ளை. மழைக்கை நிண்டு தண்ணியைப் பார்” என்பார்.

மகனைக் கூப்பிட்டேன். “தம்பி, அந்த அம்மாவிட்டைச் சொல்லு. கீழே மண் போட்டுப் பிரயோசனம் இல்லை. மேலே இந்த இடத்திலே சரிவுக்குக் குறுக்காலே, கொஞ்சம் சாய்வாக ஒரு வாய்க்கால் வெட்ட வேணும். கீழ்க்கரையிலே வரம்பு கட்ட வேணும். தண்ணி புல்லுக்குள்ளே போய் ஆறட்டும்.”

அவன் ஆங்கிலத்தில் சொன்னான். பெண்மணி மேலே ஏறி வந்து, நான் நின்ற இடத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மண்வெட்டியை என் கையில் தந்துவிட்டு, வெட்டும் கோட்டைக் காட்டும்படி சைகை செய்தார்.

அவசரப்பட்டு வெட்டவில்லை. பொதுப் பூங்காவில் ஒரு மரத்தைத் தறிக்கவோ புதுப் பாதை திறக்கவோ எவருக்கும் தன் விருப்பத்துக்கு உரிமை இல்லை. மாநகர சபையின் அனுமதி கிடைத்த பிறகே, இரண்டு கிழமை கழித்து வேலை தொடங்கியது. வேர் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு சாண் ஆழத்தில், ஆழத்தை விட அகலம் கூடியதாக, கால் தடக்காத வாய்க்காலை வெட்டினோம். வரம்பைக் காலால் மிதித்து இறுக்கினோம். சரிவின் நடைபாதையில் மரக்குற்றிகளைக் குறுக்கே வைத்து, இரும்புக் கம்பி அடித்து, பின்னால் சல்லி நிரப்பிப் படிகள் செய்தோம்.

கனடாவுக்கு வந்து பத்து வருடத்தில், எனக்குத் தெரிந்த ஒன்றை யாரும் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை நான் ஆங்கிலம் தெரியாத ஒருத்தி. அன்று நான் வயல்காரரின் மகள்.

செம்மஞ்சள் கொடிகள்

இனிச் சொல்லப் போவது உங்களுக்கு மற்றவர்களை விட நன்றாக விளங்கும்.

பூங்காவில் ‘நாய் நெரிக்கும் கொடி’ என்று ஒரு பொல்லாத கொடி பரவுகிறது. வேறு கண்டத்தில் இருந்து வந்தது. எருக்கலையின் சாதி. எருக்கலைப் பஞ்சு பறப்பது போலவே இதன் விதையும் பஞ்சோடு பறந்து போய் முளைக்கும். மொனார்க் என்ற அழகான வண்ணத்துப்பூச்சி, தன் பிள்ளைகளுக்கு உணவான செடி என்று நினைத்து ஏமாந்து இதில் முட்டையிடும். பொரிக்கும் புழுக்கள் செத்துப் போகும். ஆகவே காய் முற்றி வெடிக்கும் முன் இதைப் பிடுங்கிப் பையில் கட்ட வேண்டும்.

யூன் மாதத்தில் ஒரு நாள், பிடுங்க வேண்டிய இடங்களைச் சுற்றிச் சிறு கம்பிகளில் செம்மஞ்சள் கொடிகளைக் குத்தி அடையாளம் இட்டிருந்தார்கள். இடைவேளையில் மகன் ஒரு தட்டை எறிந்தான். அது விலகிப் பறந்து பற்றைக்குள் விழுந்தது.

“அம்மா, உங்களுக்குக் கிட்டத்தான். எடுங்கோ.”

என் கால் அசையவில்லை. கொடிகள் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் முழங்கால் உயரப் புல். மெனிக் பாமில் இருந்து ஊருக்குத் திரும்பிய நாட்களில் வேலி ஓரமெல்லாம் நின்ற மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் கண்முன் வந்தன. பாதையை விட்டு இறங்காதே, விறகுக்குப் போகாதே, மாட்டைத் தேடிப் போகாதே என்று பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்த நாட்கள். இது கனடா, இங்கே நிலத்தில் ஒன்றும் இல்லை என்று மூளைக்குத் தெரியும். காலுக்கு அது தெரியவில்லை.

மகன் ஓடி வந்தான். முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்தான். “நான் முன்னுக்குப் போறன். நீங்கள் நான் வைக்கிற இடத்திலே காலை வையுங்கோ” என்றான். அப்படியே போய்த் தட்டை எடுத்தோம்.

அவனுக்கு அந்த வார்த்தைகளை யார் சொல்லிக் கொடுத்தது? 2009 மாசியில், தோளில் அவனைச் சுமந்துகொண்டு, அவன் தகப்பன் எனக்குச் சொன்ன வார்த்தைகள் அவை. அதற்குப் பத்து நாளின் பின் அவர் இல்லை.

அன்று இரவு நான் வேலைக்குப் போகவில்லை. குசினியில் இருந்து, மகனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே புதைத்தோம் என்பதையும் சொன்னேன். அவன் அழுதான், நானும் அழுதேன். பிறகு, “அப்பா நல்லாக எறிவாரா?” என்று கேட்டான். “கல்லெறிந்து மாங்காய் விழுத்துவார். ஒரு கல், ஒரு மாங்காய்” என்றேன். விடியும் வரைக்கும் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

சகோதரிகளே, பிள்ளைகளிடம் எதை, எந்த வயதில் சொல்வது என்பது ஒவ்வொரு தாய்க்கும் ஒவ்வொரு விதம். நான் அறிவுரை சொல்லவில்லை. ஆனால் கதிரையில் எதிரெதிரே இருந்து கதைக்க முடியாததை, பக்கத்தில் பக்கத்தில் நின்று மண் வெட்டும்போது கதைக்க முடிகிறது. இது நான் கண்டது.

மழை வந்து சோதித்தது

அந்தக் கோடை முடியுமுன்னரே மகனின் 40 மணித்தியாலங்கள் நிறைந்துவிட்டன. படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். இனிச் சனிக்கிழமை நித்திரை கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை காலையில் பார்த்தால், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். “வரவில்லையோ அம்மா?”

2024 யூலை 16 ஆம் திகதி ரொறன்ரோவில் பேய்மழை பெய்தது. டொன் பள்ளத்தாக்கின் பெருந்தெரு நீரில் மூழ்கி, வாகனங்கள் அப்படியே நின்றன. வெள்ளம் வடிந்த பின் நாங்கள் போய்ப் பார்த்தோம். தாழ்வான இடங்களில் சேறும் குப்பையும் நிறைந்து கிடந்தன. இரண்டு இடத்தில் நாங்கள் போட்ட மரச்சீவல் முழுவதும் போய்விட்டது. ஆனால் சரிவில் வெட்டிய வாய்க்கால் தண்ணீரைப் புல்லுக்குள் திருப்பி விட்டிருந்தது. எறிதளத்தைச் சுற்றி ஒரு பிடி மண்ணும் போகவில்லை. வெள்ளைத் தலைமுடிப் பெண்மணி என் தோளில் தட்டினார்.

அந்தக் கிழமை வழமையை விட அதிகம் பேர் வந்தார்கள். எங்கள் தொடர்மாடியில் இருந்து நான்கு பெண்களை நான் கூட்டிப் போனேன். இரண்டு பேர் ஆப்கானிஸ்தான், ஒருத்தி சிரியா, ஒருத்தி நம் மட்டக்களப்பு. எல்லோரும் யுத்தம் கண்டவர்கள். எங்களுக்குள் பொதுவான பாஷை குறைவு. சேற்றை அள்ளப் பாஷை தேவைப்படவில்லை. தேநீர்ப் போத்தலும் பருத்தித்துறை வடையும் நான் கொண்டு போனேன்.

வேலை முடிய நானும் ஒரு தட்டை எறிந்து பார்த்தேன். ஆறாவது எறியில்தான் கூடைக்குள் விழுந்தது. சங்கிலி குலுங்கிய சத்தத்துக்கு எல்லோரும் கைதட்டினார்கள். 2025 இல் மகன் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற்றான். சனிக்கிழமை வேலை இன்னும் நடக்கிறது.

உங்கள் ஊரில்

உங்கள் ஊரில் சங்கிலிக் கூடை இராது. ஆனால் சனசமூக நிலையத்துக்கு முன்னால் ஒரு வெறும் காணி, பாடசாலையில் பற்றை மூடிய ஒரு வலைப்பந்து மைதானம், ஊஞ்சல் அறுந்த ஒரு சிறுவர் பூங்கா இருக்கும். நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கண்ணிவெடி அகற்றி உறுதிசெய்யப்பட்ட இடம்தானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு அறியாமல் எந்தப் பற்றையிலும் கை வைக்காதீர்கள். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, உடனே அறிவியுங்கள். இந்த விடயத்தில் துணிச்சல் வேண்டாம்.

இரண்டாவது, இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி பெறுங்கள். பிரதேச சபையோ பாடசாலை அதிபரோ, யாராக இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, சிறிதாகத் தொடங்குங்கள். கிழமையில் ஒரு நாள், இரண்டு மணித்தியாலம் போதும். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணுக்கு அதற்கு மேல் நேரம் இல்லை. பிள்ளைகளையும் கூட்டி வரட்டும். முதல் நாளில் ரின்களையும் சிரட்டைகளையும் பொறுக்கினாலே நுளம்பு குறையும்.

நான்காவது, மழையில் ஒரு தரம் போய் நின்று பாருங்கள். தண்ணீருக்கு வழி விட்ட பிறகு மண் நிரப்புங்கள்.

ஐந்தாவது, ஒரு கொப்பி வையுங்கள். யார் வந்தார்கள், எத்தனை மணித்தியாலம், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நாளைக்கு உதவி கேட்டுப் போகும்போது அந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஊரே சிதறிப்போன நமக்கு, கூடுவதற்கு முதலில் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை யாரோ வந்து செய்து தரும் வரை காத்திராமல், நாலு பேர் சேர்ந்து ஒரு மூலையைத் துப்புரவாக்கினாலும் அங்கே பிள்ளைகள் வந்து விளையாடுவார்கள். அவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு, நாங்களும் கொஞ்ச நேரம் ஒன்றாக இருக்கலாம்.